ஹைப்ரிட் கிளாஸுக்கு எந்த ஸ்பெக்? முதலில் மணியைச் சொல்லுங்கள்

"சித்தப்பா, பாலடின் எடுத்துட்டேன். ஹோலி போடவா, ரெட் போடவா?"

"தினம் எத்தன மணிக்குடா உக்காருவ?"

"காலேஜ் பஸ் விட்டு வந்து, சாப்ட்டு, எட்டு மணிக்கு மேல."

"அப்ப ரெட்ரிப்யூஷன் போடு."

அண்ணன் பையனுக்கு நான் விளையாடுகிறேனோ என்று சந்தேகம். ஸ்பெக் கேட்டால் டேமேஜ் கணக்கு சொல்வார்கள், டேலண்ட் பட்டியல் அனுப்புவார்கள். இவர் மணி கேட்கிறாரே என்று. ஆனால் செய்யூரில் உட்கார்ந்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஆடுகிறவனுக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. அவனுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இந்த ஆட்டத்தில் மேஜ், ரோக் போன்ற கிளாஸ்கள் அடிப்பதற்கு மட்டும்தான். பாலடின், ஷாமன், ட்ரூயிட் ஆகியவை ஹைப்ரிட். அடிக்கவும் செய்யும், மற்றவர்களைக் குணப்படுத்தவும் செய்யும், பாலடினும் ட்ரூயிடும் டேங்காக முன்னால் நின்று அடி வாங்கவும் செய்யும். ப்ரீஸ்டையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாம். பத்தாவது லெவலில் முதல் டேலண்ட் பாயிண்ட் கிடைக்கிறது. அதன்பிறகு லெவலுக்கு ஒன்று. அறுபதாவது லெவலில் மொத்தம் 51. பாலடினுக்கு எதிரில் மூன்று மரங்கள்: ஹோலி, ப்ரொடெக்‌ஷன், ரெட்ரிப்யூஷன். எதில் ஏறுவது என்பதுதான் கேள்வி. அந்தத் தேர்வுக்குப் பெயர்தான் ஸ்பெக்.

பெரும்பாலான ஆலோசனைகள் அறுபதாவது லெவலில் நின்றுகொண்டு சொல்லப்படுகின்றன. 'கடைசியில் 40 பேர் ரெய்டுக்குப் போனால் பாலடினை ஹீலராகத்தான் கூப்பிடுவார்கள், அதனால் இப்போதே ஹோலி போட்டுப் பழகு' என்பார்கள். மோல்டன் கோர் என்ற அந்த ரெய்டு வரைக்கும் போனவர்களுக்கு அது உண்மைதான். ஆனால் பத்தாவது லெவலில் இருப்பவனுக்கும் மோல்டன் கோருக்கும் நடுவில் நூறு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் கிடக்கிறது. அந்த நூறு மணி நேரமும் அவன் யாரோடு இருக்கப் போகிறான்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இங்கேதான் மணி வருகிறது. இந்தியாவுக்கென்று வார்கிராஃப்ட் சர்வர் இல்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் ஐரோப்பா சர்வரிலோ ஆஸ்திரேலியா பக்கத்து சர்வரிலோதான் ஆடுகிறோம். செய்யூரில் இரவு எட்டு மணி என்றால், குளிர்காலத்தில் ஜெர்மனியில் மதியம் மூன்றரை. அவர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள், பள்ளியில் இருக்கிறார்கள். சிட்னியில் அதே நேரம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை. அங்கே தூங்கிவிட்டார்கள். ஐரோப்பாக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு வந்து உட்காரும்போது நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. கோடைக்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னால் வரும், அவ்வளவுதான் சலுகை. மறுநாள் காலை மதுராந்தகத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் பிடிக்க வேண்டியவன் அதுவரை விழித்திருக்க முடியாது.

ஆக, நாம் தினமும் உள்ளே போகும் நேரத்தில் உலகம் காலியாகக் கிடக்கிறது. குவெஸ்ட் எல்லாம் தனியாகத்தான். டன்ஜனுக்கு ஐந்து பேர் சேர்ப்பதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். தனியாக ஆடுகிறவனுக்கு ஹோலி மரம் என்ன தரும்? குணப்படுத்த எதிரில் ஆள் இல்லை. ஒரு ஓநாயை அடித்துக் கொல்ல எடுக்கிற நேரம் மட்டும் கூடும். அதனால்தான் ரெட் என்றேன்.

இதே கேள்விக்கு ஒரு காலத்தில் நம் ஊரில் வேறு பதில் இருந்தது. 2000-களின் நடுவில் லெவல் அப் நிறுவனம் ராக்னராக் ஆன்லைனை இந்தியாவுக்கென்றே தனி சர்வர் வைத்து நடத்தியது. பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய தலைமுறைக்கு ஞாபகம் இருக்கும். அதில் அக்கோலைட் எடுத்தவனுக்கும் இதே தலைவலி: ஹீல், பிளஸ்ஸிங் என்று முழு சப்போர்ட் ப்ரீஸ்டாகப் போவதா, கதாயுதம் தூக்கி அடிக்கும் பேட்டில் ப்ரீஸ்டாக நிற்பதா, மாங்க் ஆவதா? ஒருமுறை போட்ட ஸ்டாட் பாயிண்டைச் சுலபமாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஆனாலும் அங்கே சப்போர்ட் எடுத்தவன் தைரியமாக எடுத்தான். காரணம், சர்வரில் இருந்த எல்லோருக்கும் ஒரே சாயங்காலம். ஆறு மணிக்கு உள்ளே போனால் ஹீலரைத் தேடிப் பத்துப் பேர் நிற்பார்கள். ஆள் கிடைக்காத நேரத்துக்கும் வழி வைத்திருந்தார்கள்: அந்த ஆட்டத்தில் ஹீல் மந்திரத்தை அண்டெட் மீது போட்டால் அது அடியாக விழும். பயோன் குகைக்குள் போய் ஸோம்பிகள் மேல் ஹீல் போட்டே லெவல் ஏறினார்கள். குணப்படுத்துகிறவனைத் தனியாக விட்டால் அவன் என்ன செய்வான் என்று யோசித்து வைத்த ஏற்பாடு அது. இன்றைக்கும் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

கிளாசிக்கில் பாலடினுக்கு அப்படி ஒன்று பெரிதாகக் கிடையாது. அண்டெட் மேல் விழும் எக்ஸார்சிசம் இருக்கிறது, நல்ல அடிதான், ஆனால் போகிற ஊரெல்லாம் அண்டெட் இருக்காதே. அவன் சண்டை எப்படி நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தால்தான் ஸ்பெக் பேச்சு புரியும். ஒரு ஸீல் போடுகிறான். அது 30 நொடி நிற்கும். ஆயுதம் தானாக வீசிக்கொண்டே இருக்கும். ஜட்ஜ்மென்ட் பட்டனை அழுத்தினால் ஸீல் வெடித்து எதிரி மேல் இறங்கும். மறுபடி ஸீல். வாரியரைப் போல அடுத்தடுத்து அழுத்த அவனிடம் பட்டன்கள் இல்லை. இருக்கிற அடி முழுக்க ஆயுதத்தில் இருந்துதான் வர வேண்டும். அதனால் ரெட் பாலடினின் உயிர் கையில் இருக்கும் இரண்டு கை ஆயுதம். அதுவும் மெதுவாக வீசுகிற, ஒரு வீச்சில் பெரிதாக அடிக்கிற ஆயுதம்.

ரெட்ரிப்யூஷன் மரத்தில் முதலில் பெனெடிக்‌ஷனுக்கு ஐந்து பாயிண்ட். ஸீலுக்கும் ஜட்ஜ்மென்ட்டுக்கும் ஆகும் மேனா 15 சதவீதம் குறையும். தனியாக ஆடுகிறவனுக்கு மேனாதான் நேரம். மேனா தீர்ந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும், நம்மிடம் இருப்பதோ ஒன்றரை மணி நேரம். இருபதாவது லெவலில் பதினோராவது பாயிண்ட் வரும்போது ஸீல் ஆஃப் கமாண்ட் எடுக்கலாம். சராசரியாக நிமிடத்துக்கு ஏழு முறை ஆயுத அடியின் 70 சதவீதத்தை ஹோலி டேமேஜாகக் கூடுதலாகக் கொடுக்கும். கவசம் அதைத் தடுக்காது. எண்ணிக்கை நிமிடத்துக்கு என்று கட்டிவிட்டதால், ஒவ்வொரு முறையும் பெரிதாக அடிக்கும் மெதுவான ஆயுதத்துக்குத்தான் லாபம். பர்ஸ்யூட் ஆஃப் ஜஸ்டிஸுக்கு இரண்டு பாயிண்ட் போட்டால் ஓட்ட வேகம் 8 சதவீதம் கூடும். கேட்டால் சின்ன விஷயம். லெவல் ஏறுவதில் பாதி நேரம் நடைதான் என்பதை ஆடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இருபதாவது லெவலில் பாலடினுக்கென்றே ஒரு குவெஸ்ட் உண்டு, வெரிகன்ஸ் ஃபிஸ்ட் என்ற இரண்டு கைச் சுத்தியலுக்காக. டெட்மைன்ஸ், ஷேடோஃபேங் கீப், பிளாக்ஃபாதம் டீப்ஸ் என்று மூன்று டன்ஜன்களிலிருந்து பொருள் கொண்டுவர வேண்டும். இதற்கு ஆள் வேண்டும். இங்கேதான் ஞாயிற்றுக்கிழமை உதவும். நமக்கு மாலை ஆறிலிருந்து பத்து வரை, ஐரோப்பாவில் ஞாயிறு மதியம். எல்லோரும் உள்ளே இருப்பார்கள். வார நாளில் தனியாகக் குவெஸ்ட், ஞாயிற்றுக்கிழமை டன்ஜன். ரெட் ஸ்பெக்கிலேயே இருந்துகொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை ஹீலராகவும் போகலாம், போக வேண்டும்.

எப்படி? ஹோலி லைட்டும் ஃபிளாஷ் ஆஃப் லைட்டும் எல்லாப் பாலடினுக்கும் ட்ரெய்னரிடமே கிடைக்கும். மரத்தில் ஏறித்தான் கற்க வேண்டும் என்பதில்லை. கீழ் லெவல் டன்ஜனில் ஹீலரைக் காப்பாற்றுவது டேலண்டைவிட மேனாவின் அளவு. எனவே பையில் எட்டுப் பத்து இடம் ஒதுக்கி, மேனாவைக் கூட்டும் இன்டெலெக்ட் உள்ள சட்டை, கையுறை, கேடயம் என்று ஒரு செட் சேர்த்துக்கொண்டே போங்கள். குவெஸ்ட் பரிசாக வருவதை விற்காதீர்கள். துணிக் கவசமாக இருந்தாலும் பரவாயில்லை. டன்ஜன் வாசலில் மாற்றிக்கொண்டால் நாற்பது லெவல் வரை, குழு கொஞ்சம் நிதானமாக இருந்தால் அதற்கு மேலும், சிரமமில்லாமல் ஓடும். ஸுல்ஃபாராக் தாண்டி பிளாக்ராக் டெப்த்ஸ் வரும்போதுதான் ஹோலி மரம் இல்லாதது உறைக்கும்.

எங்கள் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வெயில் காலம் முழுக்க உப்பு வாருவார்கள். மழை இறங்கியதும் உப்பளம் ஓய்ந்துவிடும், கிடைக்கிற வேறு வேலைக்குப் போவார்கள். ஐப்பசியில் என்ன செய்யப் போகிறோம் என்று யோசித்துச் சித்திரையில் பாத்தியை விட்டு எழுந்து போகிறவர் யாரும் இல்லை. லெவல் ஏறும்போது ரெட், ஏறி முடித்ததும் ஹோலி என்பதும் அப்படித்தான். மாறுவதற்கு வழி இருக்கிறது. முதல் முறை டேலண்டைக் கலைக்க 1 கோல்டு. அடுத்தது 5. பிறகு ஒவ்வொரு முறையும் ஐந்து ஐந்தாகக் கூடி 50 கோல்டில் நிற்கும். நாற்பதாவது லெவலில் மற்ற கிளாஸ்காரர்கள் குதிரைக்காக 100 கோல்டு வரை தேட வேண்டியிருக்கும்போது பாலடினுக்கு அவன் குதிரை ட்ரெய்னரிடமே வந்துவிடுகிறது. அந்த மிச்சத்தில் ஒன்றிரண்டு முறை ஸ்பெக் மாற்றுவது பெரிய செலவே இல்லை.

இரட்டை ஸ்பெக் என்ற வசதி முதலில் வந்தது 2009 ஏப்ரலில், லிச் கிங் விரிவாக்கக் காலத்தில், 1000 கோல்டு விலையில். பழைய கிளாசிக்கில் அது இல்லை. 2024 நவம்பரில் திறந்த ஆண்டுவிழா சர்வர்களில் கொடுத்தார்கள். நீங்கள் ஆடும் சர்வரில் அது இருந்தால் இந்த விவாதத்தில் பாதி கரைந்துவிடும்: கோல்டு சேர்ந்ததும் வாங்குங்கள், ஒன்றில் ரெட், இன்னொன்றில் ஹோலி.

இருப்பதிலேயே மோசமான முடிவு பாதிக்குப் பாதி போடுவது. ஹோலியில் எட்டு, ப்ரொடெக்‌ஷனில் ஏழு, ரெட்டில் பத்து என்று தெளித்து வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். 'ஹைப்ரிட்தானே, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டும்' என்பார்கள். ஹைப்ரிட் என்ற குணம் கிளாஸுக்குள்ளேயே இருக்கிறது. எந்த ஸ்பெக் போட்டாலும் ஹீல் போகாது, பிளஸ்ஸிங் போகாது, லே ஆன் ஹேண்ட்ஸ் போகாது. டேலண்ட் பாயிண்ட் அதன் மேல் வைக்கும் கூர். அதை மூன்றாகப் பிரித்தால் நாற்பதாவது லெவலில் மரத்தின் உச்சியில் இருக்கும் ஒன்றுகூடக் கைக்கு வராது.

ஷாமன் எடுத்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்ஹான்ஸ்மென்ட். இருபதாவது லெவலில் ஒரு பாயிண்ட் போட்டால் இரண்டு கைக் கோடரியும் சுத்தியலும் தூக்கலாம். முப்பதாவது லெவலில் விண்ட்ஃபியூரி வரும். அது விழுகிற அடியைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு வேறு ஸ்பெக் பேச மாட்டார்கள். ஷாக்குகளை மட்டும் தாராளமாக வீசாதீர்கள், மேனாவைக் குடித்துவிடும். செயின் ஹீல் நாற்பதாவது லெவலில் எல்லா ஷாமனுக்கும் ட்ரெய்னரிடம் கிடைக்கிறது. எனவே ஞாயிற்றுக்கிழமை ஹீலர் வேலை இங்கேயும் நடக்கும்.

ட்ரூயிட் பற்றி எனக்குத் தனிப் பிரியம். நம் மாதிரி நேரங்கெட்ட நேரத்தில் ஆடுகிறவர்களுக்காகவே செய்த கிளாஸ் போல இருக்கும். பத்தாவது லெவலில் கரடி உருவம், இருபதாவதில் பூனை. நடுவில் இருக்கும் பத்து லெவல் கொஞ்சம் கஷ்டம், பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிட வேண்டும். பூனையாக இருந்து சண்டை போடும்போது செலவாவது எனர்ஜி. மேனா பின்னால் தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும். சண்டை முடிந்ததும் உருவம் கலைத்து, நிரம்பிய மேனாவில் தன்னைத்தானே குணப்படுத்திக்கொண்டு மறுபடி பூனை. தண்ணீர் குடிக்க உட்காரும் வேலையே கிட்டத்தட்ட இல்லை. ஃபெரல் மரம் ஒன்றே பூனைக்கும் உதவும், கரடியாக டேங்க் செய்யவும் உதவும். கிளாசிக்கில் உருவம் மாறினால் ஆயுதத்தின் அடி கணக்கில் வராது, அதன் ஸ்ட்ரெங்த்தும் அஜிலிட்டியும்தான் வரும். ஆயுதம் வாங்கும்போது அதை மட்டும் பாருங்கள். ஹீலராகப் போகும் ட்ரூயிட், குழுவுக்கு ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: அவனிடம் இருக்கும் ரீபர்த் 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான். மூன்று பேர் செத்தால் இரண்டு பேர் சுடுகாட்டிலிருந்து ஓடித்தான் வர வேண்டும்.

ப்ரீஸ்ட் என்றால் ஷேடோவில் ஸ்பிரிட் டாப்புக்கு முதல் ஐந்து பாயிண்ட், கையில் நல்ல வாண்ட், நாற்பதில் ஷேடோஃபார்ம். அவ்வளவு போதும்.

இனி பிங்கும் கரண்டும். எனக்கு 150 மில்லி நொடியைச் சுற்றி ஓடுகிறது, மழை நாளில் கூடும். ஹீலருக்கு இது பெரிய தடை இல்லை. ஹோலி லைட் போடவே இரண்டரை நொடி ஆகும். அடி விழப் போவதை ஊகித்து முன்னாலேயே ஆரம்பிக்கிறவன்தான் நல்ல ஹீலர், அவனுக்கு 150 மில்லி நொடி கணக்கில்லை. பர்னிங் க்ரூசேட் விரிவாக்கக் காலத்து ரெட் பாலடினுக்குத்தான் இது வலிக்கும். ஆயுதம் விழுவதற்கு முந்தைய 0.4 நொடிக்குள் ஒரு ஸீலிலிருந்து இன்னொன்றுக்கு மாறி இரண்டின் பலனையும் வாங்கும் வித்தை ஒன்று உண்டு. நம் லைனில் அதைப் பத்துக்கு ஆறு முறை சரியாகச் செய்தாலே சபாஷ் சொல்லலாம். லெவல் ஏறும்போது அது தேவையும் இல்லை.

டேங்க் விஷயத்தில்தான் நான் கண்டிப்பானவன். ப்ரொடெக்‌ஷன் பாலடின் நான்கைந்து எதிரிகளை ஒன்றாகப் பிடித்து நிறுத்துவதில் கெட்டிக்காரன். கிளாசிக்கில் அவனுக்கு டாண்ட் இல்லை, தப்பிப் போன எதிரியை ஒரே பட்டனில் திருப்பி இழுக்க முடியாது, ஆனாலும் கான்சக்ரேஷன் போட்டுச் சமாளித்துவிடுவான். சிக்கல் அவனிடம் இல்லை, மின்கம்பியில் இருக்கிறது. ஆடிக் காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கடலோரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அடிக்கிறவன் ஒருவன் துண்டிக்கப்பட்டால் மற்ற நான்கு பேர் சமாளிப்பார்கள். ஹீலர் போனால் ஓடித் தப்பிக்கப் பார்க்கலாம். டேங்க் போனால் குழுவே சாகும். 2023 ஆகஸ்ட்டில் வந்த ஹார்ட்கோர் சர்வர்களில் செத்தால் அந்தக் கேரக்டர் அத்தோடு முடிந்தது. முன்பின் தெரியாத நான்கு பேரின் பல வார உழைப்பு நம் ரூட்டரை நம்பி நிற்கும். ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் யூபிஎஸ் வைத்துவிட்டு டேங்க் ஆகுங்கள். இல்லையென்றால் மழை முடிகிறவரை அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். உங்களோடு தினமும் கூட ஆட நிலையான ஒரு ஆள் இருந்தால் கணக்கு மாறும். குவைத்திலோ துபாயிலோ வேலை செய்யும் நம்மூர் நண்பர்கள் இதற்குத் தோதானவர்கள். குவைத்தில் இரவு எட்டு என்றால் நமக்குப் பத்தரை, கொஞ்சம் அவர் முன்னால் வந்து, கொஞ்சம் நாம் கண் விழித்தால் ஒன்றரை மணி நேரம் சேர்ந்து கிடைக்கும். அவர் வாரியராக இருந்து, நீங்கள் இருவரும் டன்ஜனிலேயே பெரும்பகுதி லெவல் ஏறுவது என்று முடிவு செய்தால் அப்போது தாராளமாக ஹோலி போடுங்கள். இருவரும் வெளியில் குவெஸ்ட் மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் அப்போதும் ரெட்தான். இரண்டு பேர் அடித்தால் எதிரி சீக்கிரம் விழுவான், ஹீல் தேவைப்படும் நேரமே குறையும்.

இதைப் படிக்கிறவர்களில் குழு சேர்க்கும் மூத்த ஆட்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். முப்பதாவது லெவலில் ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பையில் இன்டெலெக்ட் செட்டோடு, 'ஹீல் பண்றேன்' என்று வந்து நிற்பான். அவன் டேலண்டைத் திறந்து பார்த்துவிட்டு 'ரெட்டா, வேண்டாம்' என்று அனுப்பிவிடாதீர்கள். வாரம் முழுக்க ஆளில்லாத ஊரில் தனியாக ஆடிவிட்டு, ஆள் கிடைக்கிற ஒரே நாளில் வந்திருக்கிறான். ஒரு ரன் கூட்டிக்கொண்டு போங்கள்.